பிள்ளையின் முதற் பாடசாலை



ஆண்டுதோறும் முதலாந் தர அனுமதிக்கான சுற்றுநிருபம் வெளிவந்ததும், எமது பாடசாலை அலுவலகத்துக்கு வெளியே இடப்பட்டுள்ள நீள வாங்கில் உட்கார இடம் கிடைப்பது அரிதாகிவிடும். கையிற் பிறப்புச் சான்றிதழும் கண்ணிற் கலக்கமுமாகப் பெற்றார் வந்து காத்திருப்பர். அவர்களுள் எமது பாடசாலையிற் பிள்ளையைச் சேர்க்க வருபவர் ஒரு பகுதியினரே. வேறெங்கே சேர்க்கலாம் என்று ஆலோசனை கேட்க வருபவர் மற்றப் பகுதியினர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஓரூரிலே நெடுங்காலம் உபாத்தியாயராக இருந்துவிட்டவனிடம் ஊரார் யோசனை கேட்பது வழக்கந்தானே.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மாலைப்பொழுது. இரத்தோட்டைக்கு மேலே, மலைச்சரிவுகளில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலைபார்க்கும் ஒருவர், கொழுந்து பறிக்கும் தம் மனைவியோடும் நாலரை வயதுப் பெண் குழந்தையோடும் வந்தார். கழுத்திலே சிறு செபமாலை அணிந்திருந்த அக்குழந்தை என் மேசைமீதிருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தது. "சேர், நாங்கள் வேதக்காரர். என் பாட்டனார் கோயிற் பள்ளிக்கூடத்திலேதான் எழுத்துப் படித்தார். இவளையும் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்திற் சேர்க்கவேண்டும் என்று என் தாயார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மாத்தளையிற் சேர்ப்பதா, கண்டியிற் சேர்ப்பதா? நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்" என்றார்.

நான் சைவ சமயத்தவன். அரசாங்கப் பாடசாலையின் அதிபர். என்னிடம் வந்து ஒருவர் கத்தோலிக்கப் பாடசாலைக்கு வழி கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கு அது பெருமையாகவே இருந்தது. எனக்குத் தெரிந்தவற்றைச் சொன்னேன். எழுந்து செல்லுமுன் அவர் கடைசியாக ஒரு வினாவைக் கேட்டார். அந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் விடை இருக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். 'கோயிற் பள்ளிக்கூடம்' என்று அவர் சொன்னாரே, அது யாது என்பதை முதலிற் பார்ப்போம்.

அவருடைய பாட்டனார் காலத்திலே கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலை என்பது பெரும்பாலும் தேவாலயத்தை ஒட்டிய ஒற்றை மண்டபமாகும். கற்பிப்பவர் உபதேசியாராகவும் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளிற் பாடகர் குழுவையும் அவரே நடத்துவார். பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் லயத்து வாசலில் வந்து நிற்பார். கன்னியாஸ்திரீமார் நடத்திய பள்ளிகளிலோ, பாடசாலைக்குப் பக்கத்திலேயே அவர்தம் மடமும் இருந்தது. கற்பிப்பவர் இரவில் விளக்கணையும் இடமும் பிள்ளை காலையிற் படிக்க வரும் இடமும் ஒரே வளவுக்குள் இருந்தன. இன்று நாம் 'ஒழுக்கம்', 'கட்டுப்பாடு' என்று புகழ்ந்து பேசும் பண்புகளுக்கெல்லாம் அதுவே காரணம் என்பது என் எண்ணம். ஒரே ஆசிரியர் ஒரே இடத்தில் இருபது முப்பது ஆண்டுகள் தங்கியிருந்தார். தகப்பனுக்கு அடி கொடுத்தவரே மகனுக்கும் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார்.

இத்தகைய பள்ளிகள் தாமாக முளைத்தவையல்ல. பிரான்சு தேசத்திலிருந்து வந்து, 1868 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தின் ஆயரான பொன்ஜீன் ஆண்டகை, ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் பிள்ளைகளுக்குத் தாமே பள்ளி நடத்த அரசு பொருளுதவி செய்யவேண்டுமென விடாது வாதாடியவர். 1869 ஆம் ஆண்டிற் பொதுப்போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டபின், நன்கொடை பெறும் பாடசாலை முறை நாடெங்கும் வேரூன்றிற்று. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1848 ஆம் ஆண்டில், வண்ணார்பண்ணையிலே ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். தம் குழந்தை தம் சமயச் சூழலிலே எழுத்தறியவேண்டும் என்ற ஆசை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன். என் அலுவலகத்துக்கு வந்த அந்தத் தொழிலாளியின் தாயாருக்கும் வண்ணார்பண்ணைச் சைவப் பெற்றாருக்கும் இருந்த ஆசை ஒன்றே.

பின்னர் வந்தது 1960 ஆம் ஆண்டு. திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமராகவும், ஜனாப் பதியுதீன் மஹ்மூத் கல்வியமைச்சராகவும் இருந்த காலம். அவ்வாண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, டிசெம்பர் முதலாந் திகதியிலிருந்து நன்கொடை பெறும் பாடசாலைகள் அரசின் நிருவாகத்தின்கீழ் வந்தன. 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் நிலத்தையும் கட்டடத்தையும் நட்டஈடின்றி அரசின் உடைமையாக்க வழி செய்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகள் இவ்வாறு கைமாறின. கத்தோலிக்கப் பெற்றார் பல இடங்களிற் பாடசாலைக் கட்டடங்களுக்குள் புகுந்து, இரவும் பகலும் அங்கேயே தங்கி எதிர்ப்புக் காட்டினர். பம்பாயிலிருந்து கர்தினால் கிரேஷியஸ் ஆண்டகை வந்து சமரசம் பேசிய பின்பே அவர்கள் வெளியேறினர். அச்சட்டம் சரியா பிழையா என்று தீர்ப்புக் கூறுவது இன்றைய பேச்சின் நோக்கமன்று. மலைநாட்டு ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பாடசாலைகள் செய்த நன்மையை என் கண்ணாலேயே கண்டவன் நான். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில், ஒரே கூரையின்கீழ் ஐந்து வகுப்புக்களையும் ஓர் ஆசிரியர் வைத்திருந்த காலமும் எனக்கு நினைவிருக்கிறது. 1977 ஆம் ஆண்டு முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின்கீழ் வந்திராவிட்டால் நான் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆயினும் அந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பிள்ளைக்குப் பள்ளி தேடும் கத்தோலிக்கப் பெற்றார் அதை அறிந்திருக்கவேண்டும். மேல்வகுப்புக்களைக் கொண்ட பெரிய பாடசாலைகள், விரும்பினால், அரசின் உதவியும் இன்றி, கட்டணமும் அறவிடாமல், தனித்து நிற்கத் தெரிவு செய்யலாம் என்று இடமளிக்கப்பட்டது. நகரங்களிலிருந்த சில கல்லூரிகளும் கன்னியர் மடங்களும் அவ்வாறு நின்றன. சின்னஞ்சிறு ஆரம்பப் பாடசாலைகளுக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை. அதுமட்டுமன்று, ஐந்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கெனப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதையும் 1961 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. இன்று சர்வதேசப் பாடசாலைகள் என்று பெயர் சூடி நிற்பவை கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற வியாபார நிலையங்களாக இருப்பதன் காரணம் இதுவே.

ஆகவே அந்தப் பாட்டனார் படித்த கோயிற் பள்ளிக்கூடத்தைத் தேடிக்கொண்டு புறப்படும் பேரன் அதைக் காணப்போவதில்லை. அவர் காண்பவை வேறு. புனிதரின் பெயர் வாயிலில் இருக்கும். உள்ளே நடப்பது அரசாங்கப் பாடசாலையாயிருக்கும். அல்லது, தூரத்து நகரத்தில் ஆரம்பப் பிரிவையும் கொண்ட பழைய பெருங் கல்லூரி இருக்கும். அல்லது, மாதந்தோறும் ஒரு கொழுந்துக்காரியின் சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கும் ஆங்கிலப் பள்ளி இருக்கும். அதன் பெயரிலும் ஒரு புனிதர் இருக்கக்கூடும். பெயரை மட்டும் பார்த்து இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதிலேதான் பல பெற்றார் தவறிவிடுகின்றனர்.

அரசு பொறுப்பேற்ற பாடசாலைகளைப் பற்றிச் சுற்றுநிருபத்தில் ஒரு விதி உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ் அரசிடம் வந்த பாடசாலைகளில், அவை கையேற்கப்பட்ட வேளையில் எந்தெந்தச் சமயப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தனரோ, அவ்விகிதத்தைக் கவனித்தே முதலாந் தர இடங்கள் பகிரப்படும். இதனாற் கத்தோலிக்கப் பிள்ளைக்கு அங்கே ஓர் உரிமை இன்றும் எஞ்சியிருக்கிறது. ஆனால் அவ்வுரிமை மட்டும் போதாது. அண்மைய ஆண்டுகளின் சுற்றுநிருபங்களின்படி நூற்றுக்கு 50 இடங்கள் அண்மையில் வசிப்போருக்கு. 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. 15 அங்கே ஏற்கெனவே படிப்போரின் சகோதரருக்கு. மீதியே ஏனையோருக்கு. வசிப்பிடத்துக்கும் பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலைகள் இருந்தால், அவை ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறைக்கப்படும். இரத்தோட்டை மலையில் வசிப்பவர் மாத்தளை நகரத்துப் பாடசாலைக்கு விண்ணப்பித்தால் அவருக்கு எத்தனை புள்ளி எஞ்சும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இந்த இடத்திலேதான் நான் மிகவும் வெறுக்கும் ஒரு காரியம் நடக்கிறது. நகரத்திலே, பாடசாலையின் மதிலுக்கு அருகில் ஒரு வீட்டைக் கடதாசியில் மட்டும் வாடகைக்கு எடுப்பார்கள். வாக்காளர் இடாப்பிற் பெயரை மாற்றுவார்கள். மின்சாரப் பட்டியலையும் மாற்றுவார்கள். அதற்காகக் கடன் வாங்கியவர்களை அறிவேன். தாலிக்கொடியை அடகு வைத்த ஒருவரையும் அறிவேன். பொய் சொல்லாதே என்று கற்பிக்கும் பள்ளி வேண்டுமென்று, பொய் முகவரி எழுதி அந்தப் பள்ளிக்குள் நுழைகிறோம். நேர்முகப் பரீட்சையில் ஐந்து வயதுக் குழந்தை தன் வீடு எங்கே என்று கேட்டால் என்ன சொல்லவேண்டுமென முதல்நாள் இரவு மனனம் செய்விக்கிறார்கள். அந்தத் தொழிலாளியிடமும் எவரோ ஒருவர் இத்தகைய வீடொன்றைப் பற்றிப் பேசியிருந்தார். வேண்டாம் என்றேன். அவரும் தலையசைத்தார்.

இனி, என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பிறருக்குப் புத்தி சொல்பவன் தன் பிழையை மறைக்கலாகாது. என் மூத்த மகனை, அவனுக்கு ஐந்து வயது நிறைந்தபோது, ஒரு நகரத்துப் பாடசாலையிற் சேர்த்தேன். புனிதர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பாடசாலை அது, நல்ல பாடசாலை. சைவனாகிய நான் அதை நாடியது, ஒழுக்கம் வரும், சிங்களமும் ஆங்கிலமும் வரும் என்ற எண்ணத்தினாலேயே. பாட மொழி சிங்களம். வீட்டிலே நாங்கள் பேசுவதோ தமிழ். அதிகாலை ஐந்தரை மணிக்கு அவனை எழுப்பி, அரைத் தூக்கத்திலேயே உடுப்பு மாட்டி, வாகனத்தில் ஏற்றுவோம். மலைப்பாதையின் வளைவுகளில் இரண்டு தடவையாவது வாந்தியெடுப்பான். முதலிரு தர வகுப்புக்கள் முற்பகல் 11.30 மணிக்கே முடிந்துவிடும். ஆனால் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்து அவன் வீடுவந்து சேர மூன்று மணியாகும்.

இரண்டாந் தவணையில் ஒருநாள் அவனுடைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன். முத்து முத்தான சிங்கள எழுத்துக்கள். மனம் மகிழ்ந்து, "இதை வாசி, மகனே" என்றேன். பேசாமல் நின்றான். வேறொரு பக்கத்தைக் காட்டினேன். அதற்கும் மௌனம். அவன் எழுதவில்லை, வரைந்திருக்கிறான். நம் பெண்கள் கோலப் புள்ளிகளைப் பார்த்துக் கோலம் போடுவதைப் போலக் கரும்பலகையைப் பார்த்து வரைந்திருக்கிறான். ஒரு சொல்லும் அவனுக்கு விளங்கவில்லை; விளங்கவில்லை என்று ஆசிரியையிடம் சொல்வதற்கும் அவனிடம் சொல் இல்லை. அந்த ஆசிரியை அன்பானவர். நாற்பது பிள்ளைகளுக்கு மேல் வைத்திருந்தவர். பிழை அவருடையதன்று. கல்விக்கலையைப் படித்துப் பட்டமும் பெற்ற நான் செய்த பிழை அது. மறு வருடமும் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஊரிலுள்ள தமிழ்ப் பாடசாலைக்கே அவனைக் கொண்டுவந்தேன். அவன் தடையின்றி வாசிக்க நான்காந் தரம் வரை சென்றது. சிங்களத்தைப் பின்னர், இரண்டாம் மொழியாக, நன்றாகவே கற்றான். இன்று என்னைவிட அவனே அதை நன்கு பேசுகிறான்.

1945 ஆம் ஆண்டிற் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது, ஆரம்ப வகுப்புக்களிலே தாய்மொழிதான் போதனா மொழியாக இருக்கவேண்டும் என்பதும் உறுதி செய்யப்பட்டது. அதன் பொருளை நான் நூல்களிற் படித்தது ஒரு விதம். என் மகனின் கொப்பியிற் படித்தது வேறு விதம்.

ஆகவே என்னிடம் வரும் கத்தோலிக்கப் பெற்றாருக்கு நான் சொல்வது இதுவே. பாடசாலையின் பெயரைக் கேட்டறியுமுன், அங்கே முதலாந் தரம் எந்த மொழியில் நடக்கிறது என்று கேளுங்கள். பிள்ளை அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து அளந்து பாருங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை அளந்து பார்ப்பது இன்னும் நல்லது. பரிசளிப்பு விழாவன்று பாடசாலையைப் பார்க்கப் போகாதீர்கள். சாதாரண நாளொன்றில், காலை பத்து மணியளவில், வாயிலில் நின்று பாருங்கள். முதலாந் தர வகுப்பிலிருந்து என்ன சத்தம் வருகிறது? பிள்ளைகளின் குரலா, ஆசிரியரின் குரல் மாத்திரமா? மலசலகூடத்துக்குத் தண்ணீர் வருகிறதா? சின்னப் பிள்ளை அதை நாணத்தால் எவரிடமும் கேட்காது; கேட்காமலே பாடசாலையை வெறுத்துவிடும். முதலாந் தர ஆசிரியை எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்றும் விசாரியுங்கள். மலைநாட்டுப் பாடசாலைகளில் இடமாற்றம் ஒரு தீராத நோய். பழைய கன்னியர் மடத்துப் பள்ளியின் மகிமை ஆசிரியர் நிலைத்திருந்ததில் இருந்தது என்று சொன்னேனல்லவா? அந்த மகிமை எங்கே எஞ்சியிருக்கிறதோ, அங்கே புனிதரின் பெயர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, உங்கள் பிள்ளைக்கு அது நல்ல இடம்.

'அப்படியானாற் சமயம்?' என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தத் தொழிலாளி கேட்டதும் அதையேதான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுந்து நின்று, "நீங்கள் சொல்வதெல்லாம் சரி சேர். உங்கள் பாடசாலையிலே இவளைச் சேர்த்தால், இவளுக்கு வேதம் படிப்பிப்பது யார்?" என்றார்.

நான் சட்டத்தைச் சொல்லியிருக்கலாம். நம் நாட்டு அரசாங்கப் பாடசாலைகளில் முதலாந் தரம் முதற் பதினோராந் தரம் வரை சமயம் கட்டாய பாடம். பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று தனித்தனிப் பாடநூல்களை அரசே இலவசமாக வழங்குகிறது. ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தையே படிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் என் பாடசாலையில் நடந்தது என்ன? அப்போது ஆரம்பப் பிரிவிலே கத்தோலிக்கப் பிள்ளைகள் எழுவர் இருந்தனர். சைவநெறிப் பாடவேளையில் அவர்களை நூலகத்தில் உட்காரவைத்து, படங்களுக்கு வர்ணந் தீட்டச் சொல்வோம். கத்தோலிக்கப் பாடநூல்கள் அலுமாரியில் இருந்தன. படிப்பிக்க ஆள் இல்லை. இரண்டு மூன்று பிள்ளைகள் அங்கிருப்பது சலித்துப்போய், சைவநெறி வகுப்பிலேயே வந்து உட்கார்ந்து தேவாரம் பாடிக்கொண்டிருந்தன. இனிமையாகவே பாடின. அதைக் கேட்டு நானும் புன்னகை செய்திருக்கிறேன். என் மகன் வேறொரு பாடசாலையில், சைவப் பிள்ளையாக, இவ்வாறு நூலகத்தில் உட்கார்ந்திருந்தால் நான் புன்னகை செய்திருப்பேனா?

அன்று அவரிடம், "இப்போது ஆளில்லை, ஒரு மாதத் தவணை கொடுங்கள்" என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, சரி என்று போய்விட்டார்.

அந்த மாதத்தில் இரண்டு காரியங்கள் செய்தோம். முதலாவது, நேரசூசியை மாற்றினோம். வெவ்வேறு நேரங்களில் வந்த ஐந்து தரங்களின் சமயப் பாடங்களையும், புதன், வெள்ளி ஆகிய இரு நாட்களிலும் ஒரே வேளையில் வரும்படி அமைத்தோம். சொல்லுதற்கு எளிது, ஆசிரியர் குறைந்த பாடசாலையில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கே அதன் தொல்லை தெரியும். அதனால் எழுவரையும் ஒரே இடத்தில் ஒன்றுசேர்க்க முடிந்தது. இரண்டாவது, பங்குத் தந்தையாரைச் சென்று கண்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். பக்கத்துத் தோட்டத்தில், உயர்தரம் சித்தியடைந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி கற்பித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அவர் அனுப்பிவைத்தார். வலயக் கல்விப் பணிமனையில் எழுத்து மூலம் அனுமதி பெற்றோம். அப்பெண்ணுக்குப் பஸ் கட்டணம் பழைய மாணவர் சங்கத்திலிருந்து.

கத்தோலிக்கப் பெற்றார் சிலரிடம் இன்னொரு செய்தியையும் மெதுவாகச் சொல்வதுண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஆம் ஆண்டிற் கல்வியைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, பிள்ளையின் முதன்மையான ஆசிரியர் பெற்றாரே என்று கூறுகின்றது. வேறு சமயத்தவனாகிய நான் இதை எடுத்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆயினும், பாடசாலைப் பெயரிலே வேதத்தைத் தேடிவிட்டு, வீட்டிலே மாலைச் செபத்துக்குத் தொலைக்காட்சியை நிறுத்த மனமில்லாத வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன். நம் சைவ வீடுகளும் இதில் மேலானவையல்ல.

எல்லாரும் ஊர்ப் பாடசாலைக்கே வரவேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். மாத்தளை நகரத்திலேயே வசிக்கும் ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம், நடந்து போகும் தூரத்தில், தமிழில் ஆரம்ப வகுப்பு நடத்தும் பழைய மிஷன் பாடசாலை இருந்தால், அதை விட்டு வேறொன்றை நாடவேண்டிய காரணமேயில்லை. பதினொரு வயதுக்குப் பிறகு, ஆறாந் தரத்தில், பிள்ளை தன் காலில் நடந்து பஸ் ஏறும் பருவத்தில், கண்டிக்கோ அதற்கப்பாலோ அனுப்ப விரும்பினால் அதுவும் நன்றே. மலைநாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆவணி மாதத்தில் மடுத்திருப்பதிக்குப் போகும்போது கைக்குழந்தையைத் தோளிற் சுமந்து செல்வார்கள். பெரிய பிள்ளைகளைத் தாமே நடக்கவிடுவார்கள். எந்தப் பிள்ளையை எவ்வளவு தூரம் நடக்கவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்தேயிருக்கிறது.

அந்தத் தொழிலாளி ஒரு மாதத்தின்பின் திரும்பி வந்தார். அன்று ஒரு புதன்கிழமை. எதுவும் பேசாமல் நூலக வாசலிற் சிறிது நேரம் நின்று உள்ளே பார்த்துவிட்டு வந்து, விண்ணப்பப் பத்திரத்தை என் மேசைமீது வைத்தார். அவருடைய மகள் இப்பொழுது எமது பாடசாலையில் நான்காந் தரத்திற் படிக்கிறாள். தமிழைத் தடையின்றி வாசிக்கிறாள். கணக்கிலே மட்டும் கொஞ்சம் சோம்பல். இவ்வாண்டு முதல் நன்மை பெறுவதற்கு ஆயத்தம் செய்கிறாள். சமயம் கற்பித்த அந்தப் பெண் சென்ற தவணையில் மணமாகிப் புத்தளத்துக்குப் போய்விட்டாள். எழுவர் இப்போது பதினொருவராகிவிட்டனர். புதன்கிழமைப் பாடவேளையை இப்போதைக்கு ஐந்தாந் தரப் பிள்ளையொருவனின் தாயார் பார்த்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. பங்குத் தந்தையாரிடம் மறுபடியும் சொல்லி வைத்திருக்கிறேன்.